கண்ணாடியும் கணக்கேடும்

தன்னை அறிதல் என்பது ஒரு காலத்தில் துறவிகளுக்கும் தத்துவ விசாரம் செய்வோருக்கும் உரிய காரியமாகக் கருதப்பட்டு வந்தது; இன்றைக்கோ அது கட்டணம் செலுத்திக் கற்கக்கூடிய ஒரு பாடமாகி, வார இறுதி முகாம்களிலும், அலுவலகங்கள் தம் ஊழியர்களுக்கென்று ஏற்பாடு செய்யும் பயிற்சி வகுப்புகளிலும், கைப்பேசியில் மணியடித்துக் கண்ணை மூடச் சொல்லும் செயலிகளிலும் தாராளமாகக் கிடைக்கும் சரக்காகிவிட்டது. இதைப் பரிகாசம் செய்வது என் நோக்கமன்று. தன் சுபாவம் இன்னதென்று அறியாமல், பிறர் விரும்பியதையே தானும் விரும்புவதாக எண்ணிக்கொண்டு, படித்து, உத்தியோகம் பார்த்து, வீடு கட்டி, ஓய்வு பெற்ற பிறகு ‘இத்தனையும் யாருக்காகச் செய்தோம்’ என்று திகைத்து நிற்கும் மனிதர்கள் நம்மிடையே ஏராளமாக இருக்கிறார்கள். அந்தத் திகைப்பு முப்பது வயதிலேயே ஒருவனுக்கு வந்து, அவன் ஏதேனும் ஒரு முகாமில் போய் உட்காருவானாயின் அதில் தவறொன்றுமில்லை. என்னுடைய ஐயம் அங்கே போதிக்கப்படும் முறையைப் பற்றியது. கண்ணை மூடு, உள்ளே பார், ஏன் இப்படி இருக்கிறாய் என்று உன்னையே கேள், விடை கிடைக்கும் என்கிறார்கள். விடை கிடைக்கத்தான் செய்யும். கேட்ட மாத்திரத்தில், வெகு சரளமாக, கேட்பவன் மனம் குளிரும்படியாகவே கிடைக்கும். அது மெய்யான விடைதானா என்பதை யார் சொல்வது?

ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் இருவர் 1977-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. ஒரு கடையில் மேஜைமீது நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, வருவோர் போவோரை அழைத்து, இவற்றுள் தரத்தில் சிறந்தது எது என்று கேட்டார்கள். உண்மையில் நான்கும் ஒன்றேபோல்வன, அணுவளவும் பேதமில்லை. ஆயினும் இடக்கோடியில் இருந்ததைத் தேர்ந்தவர்களைக் காட்டிலும் வலக்கோடியில் இருந்ததைத் தேர்ந்தவர்கள் மும்மடங்குக்கு மேல் இருந்தார்கள். ஏன் அதைத் தேர்ந்தீர்கள் என்று வினவியபோது, நேர்த்தியைப் பற்றிச் சொன்னார்களே ஒழிய, அது இருந்த இடத்தைப் பற்றி ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒருவேளை இடம்தான் காரணமாக இருக்குமோ என்று ஆய்வாளர்களே எடுத்துக் கொடுத்த பின்பும், ஏறக்குறைய அனைவரும் அதை மறுத்ததோடு, இப்படிக் கேட்கும் மனிதருக்குச் சித்தம் சரியாக இருக்கிறதா என்று ஐயுறுவார்போலப் பார்த்தார்களாம். அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தம் உள்ளத்தைத் தாம் பார்த்துவிட்டதாகவே மனப்பூர்வமாக நம்பினார்கள். பார்த்ததாக நினைத்ததெல்லாம் அந்தக் கணத்தில் அவர்களே புனைந்துகொண்ட காரணம். ஒரு காலுறை விஷயத்திலேயே இப்படி என்றால், ‘நான் ஏன் என் தம்பியோடு பேசுவதில்லை’, ‘நான் ஏன் இந்த வேலையை விடாமல் இருக்கிறேன்’ என்பன போன்ற கேள்விகளுக்கு நாம் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கும் விடைகளின் யோக்கியதை எப்படியிருக்கும் என்று ஊகித்துக் கொள்ளலாம்.

இவ்வாறு சொல்வதனால் நம் நாட்டின் ஆத்ம விசார மார்க்கத்தை நான் குறைத்துப் பேசுவதாக எவரும் கருதிவிடக் கூடாது. 1896-ஆம் ஆண்டில் மதுரையில் ஒரு வீட்டின் மாடியறையில் மரண பயம் திடீரென்று பற்றிக்கொள்ள, அதை அஞ்சி ஓடாமல் எதிர்கொண்டு, சில வாரங்களுக்குள் திருவண்ணாமலை சென்று சேர்ந்த பதினாறு வயதுப் பையன் பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகத்தாரால் போற்றப்பட்டார். வருவாய்த் துறையில் உத்தியோகம் பார்த்து வந்த சிவப்பிரகாசம் பிள்ளை அவரிடம் சில கேள்விகள் கேட்டு எழுத்தில் பெற்ற விடைகளே ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயின. ஆனால் அந்த விசாரம் ‘நான்’ என்கிற எண்ணம் எங்கே எழுகிறது என்று அதன் வேரைத் தேடிச் செல்வது. ‘நான் ஏன் முன்கோபக்காரனாக இருக்கிறேன்’ என்று காரணம் கேட்டுக் கதை வளர்ப்பதன்று. இன்றைய முகாம்களில் பல, ரிஷிகள் உட்கார்ந்த தோரணையை மட்டும் எடுத்துக்கொண்டு கேள்வியை மாற்றிவிட்டன. முக்தியை நாடுவோரின் வழி அவர்களுக்கு இருக்கட்டும். பெண்டு பிள்ளைகளோடும் மாதச் சம்பளத்தோடும் வாழும் லௌகிகனுக்குத் தன் குணத்தை அறிய உகந்த உபாயம் ஏதென்று கேட்டால், நான் தயங்காமல் கணக்கேட்டைத்தான் காட்டுவேன்.

சட்டம் படிப்பதற்காக 1888-இல் லண்டன் போய்ச் சேர்ந்த மோகன்தாஸ் காந்தி என்னும் இளைஞர், ஆங்கிலக் கனவானாக மாறிவிடுவதற்கு அங்கே எடுத்துக்கொண்ட பிரயத்தனங்களைத் தம் சுயசரிதையில் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்திருக்கிறார். பம்பாயில் தைத்த உடுப்புகள் சீமைக்கு ஏற்றவையல்ல என்று அவற்றை ஒதுக்கிவிட்டுப் புதியன வாங்கினார். 19 ஷில்லிங் கொடுத்து உயரமான தொப்பி ஒன்று வாங்கினார். பாண்டு தெருத் தையற்காரரிடம் 10 பவுனில் மாலைநேர உடை தைத்துக்கொண்டார். இரட்டை வடம் கொண்ட தங்கக் கடிகாரச் சங்கிலி வேண்டுமென்று ஊரிலிருந்த தமையனாருக்கு எழுதி வரவழைத்தார். நடனம் கற்கப் போய்த் தாளம் பிடிபடாமல் தவித்தார். மேனாட்டு இசைக்குச் செவியைப் பழக்கிக்கொண்டால் தாளம் வந்துவிடும் என்ற எண்ணத்தில் 3 பவுனுக்குப் பிடில் ஒன்றை வாங்கி, அதைக் கற்பிக்க ஓர் ஆசிரியையையும் தேடிக்கொண்டார். இவற்றுக்கெல்லாம் சிகரமாக, தினந்தோறும் பெரியதொரு நிலைக்கண்ணாடியின் முன் பத்து நிமிஷம் நின்று, கழுத்துப்பட்டையைச் சரிசெய்வதிலும் அடங்காத தலைமயிரை வகிடெடுத்து அடக்குவதிலும் செலவிட்டு வந்தார்.

நாள்தோறும் இவ்வளவு சிரத்தையோடு தம்மைத் தாமே பார்த்துக்கொண்ட அந்த வாலிபருக்கு அந்தக் கண்ணாடி சொன்ன செய்தி ஒன்றுமில்லை. அதன் முன் நின்றது ஒரு கனவானின் பாவனையே. ஆனால் அதே அறையில், அதே மாதங்களில், இன்னொரு பொருளும் இருந்தது. செலவழித்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கெழுதும் பழக்கம் அவருக்கு இருந்தது. குதிரைவண்டிக் கட்டணம், தபால் தலை, செய்தித்தாளுக்குக் கொடுத்த சில்லறை ஆகிய யாவும் அந்த ஏட்டில் ஏறின. ஒவ்வோர் இரவும் படுக்கப் போகுமுன் வரவு செலவைக் கூட்டிச் சரிபார்த்துவிட்டே படுத்தார். கனவான் மோகம் ஏறக்குறைய மூன்று மாதத்தில் தெளிந்தது. பிடிலை வந்த விலைக்கு விற்றுவிடும்படி ஆசிரியையிடமே கேட்டுக்கொண்டார். அதன் பிறகு செலவைப் பாதியாகக் குறைப்பதென்று நிச்சயித்துக் கணக்கைப் புரட்டியபோது, வண்டிக் கட்டணங்கள் வரிவரியாக எழுந்து நின்றன; ஒரு குடும்பத்தோடு தங்கியிருப்பதால் வாராவாரம் கொடுக்க வேண்டிய தொகையும், மரியாதைக்காக அக்குடும்பத்தாரை வெளியே விருந்துக்கு அழைத்துச் செல்லும் செலவும் புலப்பட்டன. வேலையிருக்கும் இடத்துக்கு அரைமணியில் நடந்தே போய்விடக்கூடிய பகுதியில் தனியாக இரண்டு அறைகள் எடுத்துக்கொண்டார். அதனால் பணம் மிச்சமானதோடு, நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மைல் வரை நடக்கவும் நேர்ந்தது. இங்கிலாந்தில் நோயின்றி இருந்ததற்கு அந்த நடையே காரணம் என்று அவர் கருதினார். பிறகு அந்த இரண்டு அறைகளும் ஓர் அறையாயின. காலை உணவைத் தாமே அடுப்பில் சமைத்துக்கொண்டார். வாழ்க்கை சுருங்கியதாக அவர் வருந்தவில்லை. உள்ளும் புறமும் ஒத்துப்போன ஆனந்தத்தையே அப்போது அனுபவித்ததாக எழுதுகிறார்.

அவர் அந்நாட்களில் கண்ணை மூடி உட்கார்ந்து ‘நான் யாருக்காக இப்படிச் செலவழிக்கிறேன்’ என்று கேட்டிருந்தால், பாரிஸ்டர் ஆகப்போகிறவனுக்கு இந்த உடுப்பும் நடனமும் அவசியமே என்ற விடைதான் கிடைத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஏடு அப்படி வாதம் செய்யாது. நாம் எதை விரும்புவதாகச் சொல்லிக்கொள்கிறோமோ அதற்கும், நம் பொழுதும் பொருளும் மெய்யாகவே எங்கே போகின்றனவோ அதற்கும் இடையிலுள்ள தூரத்தை அது அப்படியே எடுத்துக் காட்டிவிடுகிறது. நிறைவான வாழ்வு என்று பலவிதமாக வருணிக்கப்படும் அந்த வஸ்து, என் அபிப்பிராயத்தில், இந்தத் தூரம் குறைவதைத் தவிர வேறில்லை. பிள்ளைகளே எனக்கு உயிர் என்று சொல்லும் தகப்பனார் ஒருவர் ஒரு வாரத்தில் அவர்களோடு உட்கார்ந்து பேசிய நிமிஷங்களை எழுதிப் பார்ப்பாராயின், அவருக்கு எந்த முகாமும் வேண்டியிராது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. நமக்கு முன் வாழ்ந்த எந்தத் தலைமுறைக்கும் இல்லாத அளவுக்கு, நாம் எழுதாமலே நம் கணக்கு எழுதப்பட்டு வருகிறது. எத்தனை மணிநேரம் எந்தச் செயலியில் விழுந்து கிடந்தோம் என்று கைப்பேசியே கூட்டிச் சொல்கிறது. டீக்கடைக்குக் கொடுத்த பன்னிரண்டு ரூபாய்கூட யூபிஐ பட்டியலில் தேதியும் மணியும் போட்டு நிற்கிறது. இந்த ஏடுகளைக் கருத்தோடு படிப்பவர்கள் நமக்குப் பொருள் விற்கும் கம்பெனிக்காரர்கள். இரவு எந்த வேளையில் நம் மனம் தளர்ந்து எதை வாங்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். நாமோ அந்தப் பக்கம் தற்செயலாகத் திறந்துகொண்டால், சுடுபாத்திரத்தைத் தொட்டவர்போல விரலை எடுத்துவிடுகிறோம்.

ஆனால் ஏடு மட்டும் போதுமா என்றால், போதாது. சர்க்கரை நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும் எவரும் அறிந்த காட்சி ஒன்றைச் சொல்கிறேன். அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் மருத்துவர் முன் உட்கார்ந்து, ‘ஒருவேளைதான் சோறு டாக்டர், இனிப்பக் கண்ணால பாக்கறதுகூட இல்ல’ என்கிறார். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனை அவர் பக்கமே சாட்சி சொல்கிறது. இரண்டு நாள் பத்தியமாக இருந்தால் அது அடங்கிவிடும். ஆனால் மூன்று மாதச் சராசரி என்று ஒன்று இருக்கிறதே, அது அப்படி வசப்படுவதில்லை. ரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்பவை. அந்நாட்களில் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அவற்றின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டு விடுகிறது. ஆகவே கடந்த இரண்டு மூன்று மாதத்து நடத்தையை அது ஒப்பிக்கிறது. மருத்துவர் காகிதத்தை மேஜைமேல் திருப்பி வைத்து, எண்ணின்மேல் பேனாவை ஊன்றி, ‘அப்புறம் இது எப்படி ஐயா ஏறிச்சு?’ என்கிறார். பெரியவர் உண்மையிலேயே விழிக்கிறார். அப்போது பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாள், ‘வாக்கிங் போயிட்டு வரப்போ டீக்கடையில என்ன சாப்பிடுறீங்கன்னும் சொல்லுங்களேன்’ என்று மெல்ல எடுத்துக் கொடுக்கிறார். இரண்டு வாழைக்காய் பஜ்ஜி, ஒரு டீ. ‘அதெல்லாம் ஒரு சாப்பாடா?’ என்று பெரியவர் கேட்கிறாரே, அந்தக் கேள்வியில் கபடமே இல்லை. இலை போட்டு உட்கார்ந்து உண்பதே உணவு, நின்றபடி வாயில் போட்டுக்கொள்வது உணவாகாது என்பது அவர் அந்தரங்க நம்பிக்கை. ஆய்வுக்கூடத்துக் காகிதம் ஏதோ தவறு நடக்கிறது என்ற மட்டிலும் சொல்லிற்று. அது என்ன தவறென்று சொல்ல அருகிலேயே வாழும் ஒருவர் வேண்டியிருந்தது.

கணக்கேட்டின் பெருமையையும் குறையையும் ஒருங்கே காட்டிய மனிதர் பெஞ்சமின் பிராங்க்ளின். பிலடெல்பியா நகரத்தில் அச்சுக்கூடம் நடத்திப் பெரும் பேர் பெற்ற அவர், தம் குணங்களைச் சீர்திருத்திக்கொள்ள ஒரு சிறு நோட்டுப் புத்தகம் தயாரித்த வரலாற்றை 1784-இல் பாரிஸ் நகரத்தை அடுத்த பாஸியில் தங்கியிருந்தபோது எழுதினார். மிதமான உணவு, மௌனம், ஒழுங்கு, சிக்கனம், உழைப்பு, நீதி என்று தொடரும் 13 நற்குணங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையால் கோடு கிழித்து, வாரத்தின் ஏழு நாட்களுக்கு ஏழு பத்திகள், குணங்களுக்குப் பதின்மூன்று வரிகள். இரவில் அன்றைய நாளை நினைத்துப் பார்த்துத் தவறிய இடத்தில் ஒரு கரும்புள்ளி. வாரத்துக்கு ஒரு குணத்தில் விசேஷ கவனம் என்று வைத்துக்கொண்டு, பதின்மூன்று வாரங்களில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று என்று திட்டமிட்டார். தாம் எண்ணியிருந்ததைவிட எவ்வளவோ மிகுதியான குற்றங்கள் தம்மிடம் இருக்கக்கண்டு வியந்ததாக அவரே கூறுகிறார். புள்ளிகளை அழித்து அழித்து எழுதியதில் நோட்டுத் தாள்கள் ஓட்டையாகிப் போகவே, ஈரப் பஞ்சால் துடைத்துக் கொள்ளக்கூடிய தந்தத் தகடுகளுக்கு மாறினார். எல்லாவற்றிலும் அவரை அதிகமாக வாட்டியது ஒழுங்கு. பொருள்களை இடத்தில் வைக்கும் அந்த அற்ப விஷயம் முதுமை வரை கைகூடவில்லையாம். மின்னலின் இயல்பை ஆராய்ந்தவருக்குக் காகிதங்களை அடுக்கி வைக்க வரவில்லை என்று படிக்கும்போது நம்மில் பலருக்கு ஓர் அற்ப ஆறுதல் பிறக்கிறது.

பிராங்க்ளினின் பட்டியலில் முதலில் இருந்த குணங்கள் பன்னிரண்டே. குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் அவரிடம், உம்மைக் கர்வம் பிடித்தவரென்று ஊரார் கருதுகிறார்கள், வாதம் செய்யும்போது சரியாகப் பேசுவதோடு நில்லாமல் எதிரியை மட்டந்தட்டிவிடுகிறீர் என்று பல சந்தர்ப்பங்களை உதாரணம் காட்டி எடுத்துரைத்த பிறகுதான் பதின்மூன்றாவதாகப் பணிவு சேர்ந்தது. எவ்வளவு கூர்மையான புத்தியும் தன்னைத் தானே பரிசோதிக்கையில், தான் முன்பே கோடு போட்டு வைத்த கட்டங்களுக்குள்தான் தேடுகிறது. கட்டமே போடாத குற்றம் எத்தனை இரவு விழித்தாலும் கண்ணில் படுவதில்லை.

இதைவிடக் கொடிய உதாரணம் ஒன்றும் அவர் வாழ்விலேயே இருக்கிறது. பிராங்க்ளின் பல்லாண்டுகள் அடிமைகளை வைத்திருந்தவர். அவருடைய ‘பென்சில்வேனியா கெஜட்’ பத்திரிகையில் அடிமைகளை விற்கும் விளம்பரங்கள் வெளிவந்தன. நீதி என்று ஒரு வரி அந்த நோட்டில் இருக்கத்தான் இருந்தது. ஆயினும் இதன்பொருட்டு அந்த வரியில் ஒரு புள்ளி வைத்ததாகத் தம் நூலில் அவர் எங்கும் சொல்லவில்லை. சுற்றியிருந்த சமூகத்தில் பெரும்பாலோர் எதைக் குற்றமென்று எண்ணவில்லையோ, அது அவருடைய அந்தரங்க ஏட்டிலும் குற்றமாகப் பதிவாகவில்லை. அடிமை முறையை எதிர்த்து ஓயாமல் எழுதி வந்த ஆண்டனி பெனெசெட் முதலான குவேக்கர்களின் குரல் பல ஆண்டுகள் செவியில் விழுந்துகொண்டே இருந்த பிறகு மாறுதல் வந்தது. 1787-இல் பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்கு அவர் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அடிமைத்தனத்தை எதிர்க்கும் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பினார். அவ்வாண்டு ஏப்ரலில், 84 வயதில் காலமானார். நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்மணிக்கு எந்தத் தம்ளரில் காப்பி கொடுக்கிறோம் என்பது நம்மில் எத்தனை பேருடைய ஆத்ம பரிசோதனையில் ஒரு வரியாக வந்திருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால், பிராங்க்ளினை மட்டும் குறை கூற நமக்கு வாய் எழாது.

ரோமாபுரியில் நீரோவுக்கு ஆசிரியராக இருந்த செனெகா, கோபத்தைப் பற்றித் தாம் எழுதிய நூலில், இரவு விளக்கை எடுத்துச் சென்றபின், தம் பழக்கத்தை அறிந்த மனைவி பேச்சை நிறுத்திக்கொள்ள, அன்று முழுவதும் தாம் செய்ததையும் பேசியதையும் ஒன்றுவிடாமல் நினைத்துப் பார்ப்பதாகக் கூறுகிறார். போற்றத்தக்க வழக்கந்தான். ஆனால் அந்த அம்மையார் மௌனமாக இராமல் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் விசாரணை இன்னும் பூரணமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றாமலில்லை. நம் வள்ளுவர் இந்த நுட்பத்தை அறிந்தே இருந்தார். பரிமேலழகர் கொண்ட வைப்பு முறையில், தன் குற்றத்தைத் தானே கண்டு நீக்கச் சொல்லும் குற்றங்கடிதல் என்ற அதிகாரத்தை அடுத்து உடனே வருவது பெரியாரைத் துணைக்கோடல். கடிந்து சொல்ல ஆளில்லாத மன்னன், பகைவர் இல்லாமலே கெட்டுப்போவான் என்பது அங்கே அவர் உரைக்கும் நீதி.

அரசனுக்கு மந்திரி உண்டு. நமக்கு யார் என்பதே இன்றைய சங்கடம். கூட்டுக் குடும்பத்தில் எல்லாவற்றையும் இடித்துச் சொல்ல ஓர் அத்தையோ பெரியப்பாவோ இருந்தார்கள். அவர்கள் சொன்னதில் பாதி அநியாயம் என்பதும் உண்மை, அந்தத் தொல்லை நீங்கியதை எண்ணிப் பெருமூச்சு விட்ட மருமகள்கள் பல்லாயிரம் பேர் என்பதும் உண்மை. இன்று தனிக் குடும்பத்தில் கணவனும் மனைவியும் ஒருவர் குறையை ஒருவர் சண்டையின்போது மட்டுமே சொல்லிக்கொள்கிறார்கள். சண்டையில் சொல்லப்படும் உண்மை காதில் ஏறுவதில்லை. அலுவலகத்திலோ ஆண்டுக்கொரு முறை தன் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பச் சொல்கிறார்கள். சம்பள உயர்வு அதன் முனையில் தொங்கும்போது, ‘அதிகமாக உழைத்துவிடுவதே என் பலவீனம்’ என்றுதான் எவரும் எழுதுவார்.

ஆகவே இதற்கென்று பிரயத்தனம் செய்துதான் ஆக வேண்டும். அது பெரும் பிரயத்தனமும் அன்று. பதின்மூன்று வரிகள் நமக்குத் தாங்காது. கடையில் விற்கும் சாதாரண நோட்டு ஒன்றில், படுக்கப் போகுமுன் ஐந்து நிமிஷத்தில் எழுதிவிடத்தக்க மூன்று பத்திகள் போதும்: பொழுது எங்கே போயிற்று, காசு எங்கே போயிற்று, யாரிடம் குரல் உயர்ந்தது. ‘ஏன்’ என்ற கேள்விக்கு அதில் இடம் வைக்கக் கூடாது. அது வந்த மறுகணம் புனைகதை தொடங்கிவிடும். இன்னது செய்தேன், இத்தனை மணிக்கு, இன்னாரிடம் என்று அந்நாளைய கிராம முன்சீப் எழுதியதுபோல் எழுதிவிட்டு மூடிவிட வேண்டும். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் அது தானே பேசும். நான்காவதாக ஒரு பத்தியை வெறுமையாக விட்டு, அதற்குத் தலைப்பிடும் உரிமையை மனைவிக்கோ, கணவனுக்கோ, வளர்ந்த பிள்ளைக்கோ, பழைய சிநேகிதருக்கோ சண்டையில்லாத ஒரு நாளில் கொடுத்துவிட வேண்டும். அவர் எழுதும் தலைப்பைப் படித்ததும் கோபம் வருவது சகஜம். பதில் சொல்லாமல் ஒரு மாதம் அந்தப் பத்தியையும் நிரப்பி வருவதே அதற்குச் செய்யத்தக்க மரியாதை. தலைப்பு ஒருவேளை நம் மனத்துக்கு மிகவும் பிடித்ததாக அமைந்துவிட்டால், கேட்ட ஆள் சரியில்லை என்று கொண்டு வேறொருவரிடம் நோட்டை நீட்டலாம்.